கணுக்காலுக்கு மேல் ஒரு கோடு

கூடத்துத் தரையில் சிவப்புப் புள்ளிகள் கிடந்தன. காலையில்தான் துடைத்த தரை. நாலணா அகலத்துக்கு ஒன்று, ஓரடி தள்ளி இன்னொன்று, அப்படியே சமையலறை வரைக்கும். எனக்கு முதலில் மாடியில் குடியிருந்த இத்தாலிக்காரன் மேல் சந்தேகம் வந்தது. அவன்தான் குங்குமத்தைக் குழைத்து நெற்றி முழுக்கப் பூசிக்கொண்டு திரிகிறவன். பிறகு எதிர்வீட்டுக்காரி மேல் வந்தது. எங்கள் வாடகை அறைகள் நிரம்பியிருப்பதும் அவள் அறைகள் காலியாகக் கிடப்பதும் அவளுக்குப் பொறுக்காது. எதையாவது தெளித்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன். புள்ளிகளைத் தொடர்ந்து பின்கட்டு வரை போனேன். அங்கிருந்து வாசலுக்கு வந்தேன். வாசலிலும் இருந்தது.

"அத்தை, கொஞ்சம் நில்லுங்க," என்றாள் என் மருமகள் கலா. "நீங்க போற எடத்துக்கெல்லாம் அதுவும் வருது."

குற்றவாளியைப் பிடிக்கப் போனவள் என் காலைத் தூக்கிப் பார்த்தேன். இடது பாதத்தின் அடியில், சுண்டுவிரலுக்குக் கீழே, பச்சை நிறச் சோடா பாட்டில் சில்லு ஒன்று பாதி உள்ளே போயிருந்தது. முந்தாநாள் சித்ரா பௌர்ணமி. கிரிவலத்துக்குச் சனம் லாரி லாரியாய் வர ஆரம்பித்திருந்த வருஷங்கள் அவை. அந்தக் கூட்டத்தில் எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். மலையை மிச்சமும் சுற்றி முடித்து, வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் மாடிப்படி ஏறி இறங்கி, அறைகளைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறேன். கலா சில்லைப் பிடுங்கினாள். அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வலிக்கலியா அத்தை?"

"வலிச்சா எனக்குத் தெரியாதாடி?"

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றிக்கொண்டிருந்தவள் நான். ஆரம்பத்தில் கல்லும் முள்ளும் குத்தி அம்மா அப்பா என்று கத்திக்கொண்டுதான் நடப்பேன். அதற்கு முந்தின இரண்டு வருஷமாக எதுவும் குத்தவே இல்லை. தார் ரோட்டின் சூடுகூடத் தெரியவில்லை. பழகப் பழக அண்ணாமலையார் வலியை எடுத்துவிடுவார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அவர் எனக்கு எடுத்துவிட்டார் என்று நம்பினேன். கூட நடக்கிற பெண்கள் நொண்டும்போது, "எனக்கெல்லாம் பூ மேல நடக்கற மாதிரி இருக்குது," என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், இதை மட்டும் சந்தேகப்படவில்லை.

மஞ்சள் வைத்துக் கட்டினோம். ஒரு வாரத்தில் பாதம் வீங்கியது. பிறகு நாற்றம் வந்தது. கலா ஊதுபத்தியை ஜாஸ்தியாகக் கொளுத்த ஆரம்பித்தபோதுதான் எனக்கே புரிந்தது. என் வீட்டுக்காரர் பெரிய பேச்சுக்காரர் இல்லை. ஒரு நாள் காலை வாசலில் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, "கெளம்பு," என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போனோம். ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரி. புளியமரம் சூழ்ந்த ஓட்டுக் கட்டிடங்கள், நடுவில் புதிதாகக் கட்டிய ஒரு கான்கிரீட் வார்டு. பெண்கள் வார்டில் ஆண்களைத் தங்கவிட மாட்டார்கள் என்பதால் அவர் திரும்பிப் போய் அறைகளைப் பார்த்துக்கொண்டார். கலா என்னோடு இருந்தாள்.

பெரிய டாக்டர் எங்கள் ஜில்லாக்காரர்தான், ஆரணிப் பக்கம். ரத்தம் எடுத்து, சிறுநீர் எடுத்து, எக்ஸ்ரே படம் பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சர்க்கரை எத்தினி வருஷமா இருக்குதும்மா?"

"எனக்கு ஏது சர்க்கரை? யாரோடதையோ மாத்திப் பாத்துட்டீங்க."

அவர் மேஜை டிராயரைத் திறந்தார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இது காலில் படும்போதெல்லாம் 'படுது' என்று சொல்லுங்கள் என்றார். மூடிக்கொண்டேன். கையில் ஒரு முறை வைத்தார், "படுது" என்றேன். முழங்காலில் வைத்தார், "படுது" என்றேன். அப்புறம் சத்தமே இல்லை. இந்த ஆள் தொடாமலேயே தொட்டேன் என்று சொல்லி நோயாளியாக்கப் போகிறான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். இழை என் கட்டைவிரல் மேல் வில்லாக வளையும்படி அழுத்திக்கொண்டிருந்தார். அது என் கால்தான், என் மெட்டிதான். ஆனால் யாருடைய காலையோ பார்ப்பதுபோல் இருந்தது.

சர்க்கரை ரொம்ப நாள் ரத்தத்தில் இருந்தால் கால் நரம்புகளைத் தின்றுவிடும் என்று விளக்கினார். வலி என்பது காவல்காரன் மாதிரியாம். அவன் போய்விட்டால் கண்ணாடி குத்தினாலும் நெருப்பு சுட்டாலும் வந்து சொல்ல ஆளில்லை. புண் எலும்புக்குப் போகாமல் இருந்தால் பாதம் தப்பும் என்றார். கிரிவலத்தில் வந்த பக்குவத்தைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கொடுத்தார்கள். ஜன்னல் நல்ல இடமாயிற்றே, எனக்கு ஏன் கொடுக்கிறார்கள் என்று யோசித்தேன். மத்தியானம் தெரிந்தது: கத்தரி வெயில் முழுக்க அந்தக் கட்டில் மேல்தான் விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் செங்கம் பக்கத்துக் கிராமத்து முனியம்மா, வயிற்றில் கட்டி எடுத்தவள். நான் வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்: "இங்க எல்லாம் நல்லாதான் கீது. பைசா கூட கம்மிதான்." கம்மியாக வாங்குகிறவன் வேறெதையோ எதிர்பார்க்கிறான் என்பது என் அனுபவம். மதம் மாற்றப் பார்ப்பார்கள் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லி அனுப்பியிருந்தாள். தலையணைக்கடியில் திருநீற்றுப் பொட்டலத்தை வைத்து, நெற்றியில் மூன்று கோடும் அழுத்தமாக இழுத்துக்கொண்டேன். யாராவது அழிக்கச் சொன்னால் சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. காலையில் நர்ஸுகள் கூடிப் பாட்டுப் பாடி ஜெபம் செய்தார்கள், பிறகு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அது எனக்கு இன்னும் பெரிய சந்தேகமாகிவிட்டது.

அப்போதுதான் ஹன்னா வந்தாள். வெள்ளைக்காரப் பெண், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். வருஷத்தில் பாதி நாள் பனி பெய்கிற ஏதோ ஒரு நாடு. நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, வேலையில் சேருவதற்கு முன் ஒரு மாதம் இங்கே சும்மா சேவை செய்ய வந்திருக்கிறாள் என்றார்கள்.

வெள்ளைக்காரர்கள் எனக்குப் புதிதில்லை. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துப் பக்கம் எங்களுக்கு மாடியில் நாலு அறை. அவர்களை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது. வந்த மூன்றாம் நாள் வேட்டி, பத்தாம் நாள் ஞானம், இருபதாம் நாள் வயிற்றுப்போக்கு, முப்பதாம் நாள் விமானம். போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், அடுத்த வருஷம் வருவேன் என்பார்கள். நான் போர்வையை எண்ணி வாங்கிக்கொள்வேன். ஒரு மாதத்துக்குள் இவள் என்ன சேவை செய்துவிடப் போகிறாள்? ஊரில் போய்ச் சொல்லிக்கொள்ள ஒரு கதை வேண்டும், அதற்கு என் கால் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அவள் ஒரு நாள் டாக்டர் சொன்னதாகச் சொல்லி என் புண்ணைப் படம் எடுத்தபோது அது உறுதியாகிவிட்டது.

"எதுக்கு போட்டோ? எங்க கொண்டு போய்க் காட்டப் போற?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. "கால்… நல்லது… நாளைக்கு," என்றாள்.

கலா அவளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கால், தண்ணி, நல்லது, நாளைக்கு, சாப்டாச்சா, வலிக்குதா. மொத்தம் பத்து வார்த்தை தேறாது. அதை வைத்துக்கொண்டு வார்டு முழுக்கச் சமாளித்தாள். என் மருமகள் அவளோடு உட்கார்ந்து சிரிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் மருமகளைப் பிடித்து, அவள் வழியாக மாமியாரைப் பிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

தினமும் காலையில் கட்டுப் பிரிக்க வேண்டும். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஊதா நிற மருந்தைக் கரைத்துக் காலை ஊறவைத்து, பிறகு செத்த சதையைச் சுரண்டி எடுத்து, மருந்து வைத்துக் கட்டுவார்கள். சுரண்டும்போது நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்குத்தான் வலியே இல்லையே. ஊறவைக்கத் தண்ணீர் வார்டுக்குப் பின்னால் நிழலில் இருந்த சிமெண்டுத் தொட்டியிலிருந்து வரும். ஆயா அதில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, கையை விட்டுப் பார்த்துக் கொண்டுவருவாள்.

ஒரு நாள் காலையில் பக்கத்து ரோட்டில் லாரியும் பஸ்ஸும் மோதிக்கொண்டு, அடிபட்டவர்களை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். டாக்டர், நர்ஸ், ஆயா எல்லாரும் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். வார்டில் எங்களை மறந்தே போனார்கள். மத்தியானம் சாப்பாட்டு வேளை தாண்டி ஹன்னா மட்டும் வியர்த்து விறுவிறுத்து வந்தாள். என் கட்டைத் தொட்டுக்காட்டி, இன்றைக்குச் செய்யவில்லை அல்லவா என்று கையால் கேட்டாள். கலா துணி துவைக்கப் போயிருந்தாள்.

தாழ்வாரத்துக் குழாயை ஹன்னா திறக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. தண்ணீர் பேசினில் விழுவதும் கேட்டது. எங்கள் பக்கத்தில் கத்தரியில் உச்சி வேளைக்குக் குழாயைத் திறப்பவர் யாரும் கிடையாது. மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்து இறங்குகிற தண்ணீர் கையைப் பொசுக்கிவிடும். விடியற்காலையிலேயே அண்டாவிலும் பக்கெட்டிலும் பிடித்து வைத்துவிடுவோம். என் வீட்டு மாடிக்காரர்கள் மே மாதம் முழுக்க, "இரண்டு குழாயிலும் வெந்நீர்தான் வருகிறது" என்று புகார் சொல்வதும், நான் கலாவிடம் சொல்லிச் சிரிப்பதும் வருஷா வருஷம் நடப்பது. அப்படிப்பட்ட நான், அந்தச் சத்தத்தைக் கேட்டும் படுத்திருந்தேன். ஏனென்றால் என் கவனம் வேறெங்கோ இருந்தது. ஊதா மருந்தைக் கரைக்கும்போது அவள் உதடு அசைகிறதா, ஏதாவது ஜெபம் செய்து தண்ணீரில் விடுகிறாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையில் முழங்கை வரைக்கும் தடிமனான ரப்பர் உறை போட்டிருந்தாள். உறையோடு தண்ணீரைத் தொட்டாள். என் கட்டைப் பிரித்து, காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"தண்ணி… நல்லது? வலிக்குதா?"

"நல்லாதான் இருக்குது," என்றேன்.

முனியம்மாவின் டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது என்று அவள் கூப்பிட, ஹன்னா அங்கே போனாள். நான் காலை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து பேசினை எடுக்கும்போது தளும்பி அவள் பாதத்தில் தெறித்தது. சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். உறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலைத் தண்ணீரில் வைத்தாள். என் காலைப் பார்த்தாள். ஊதாக் கறையில் ஒன்றும் தெரியவில்லை.

"வலிக்குதா?" என்றாள். மறுபடியும், "வலிக்குதா அம்மா?"

"இல்லடி. எத்தினி தடவ கேப்ப?"

குளிர்ந்த மருந்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். கட்டுப் போட்டாள். முகம் சிவந்திருந்தது. இவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் எதை என்று என் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை பெரிய டாக்டர் சுற்றி வந்தபோது கட்டைப் பிரித்தார்கள். பாதம் முழுக்கக் கொப்புளம். சில உடைந்து தோல் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் இரண்டு கறுத்திருந்தன. எனக்குக் காய்ச்சலும் வந்திருந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது.

"இது சூடு பட்டது. யாரு ஒத்தடம் குடுத்தது?"

கட்டிலுக்கடியில் உப்பு மூட்டை இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் முழங்கால் குடைகிறது என்று நான் சொல்லி, கலாதான் எங்கிருந்தோ சட்டி கேட்டு உப்பை வறுத்துக் கட்டி முழங்காலில் வைத்தாள். டாக்டர் அதை எடுத்து மேலே வைத்தார்.

"இந்தக் காலுக்கு உணர்ச்சி இல்லன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. இன்னா வேல பண்ணி வெச்சிருக்கம்மா நீ?"

"சார், நான் முட்டியிலதான் வெச்சேன். பாதத்தத் தொடவே இல்ல சார்."

எல்லாரும் கலாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான் கண்ணயர்ந்திருந்தபோது இவள் பாதத்திலும் வைத்திருப்பாளோ? வேண்டுமென்றே செய்திருப்பாளோ? ஊதுபத்தி கொளுத்தியவள்தானே, சலித்துப் போயிருப்பாள்.

"நெசத்தச் சொல்லுடி. நீதான வெச்ச?" என்றேன்.

கலா உப்பு மூட்டையைப் பார்த்தாள். கண்ணீர் மட்டும் வந்தது. அவள் கல்யாணமாகி வந்து ஆறு வருஷத்தில் என் முன்னால் அழுது நான் பார்த்ததில்லை.

ஹன்னா பின்னால் மருந்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வேகமாகப் பேசிய தமிழ் அவளுக்குப் புரியவில்லை. கலா அழுவதைப் பார்த்துவிட்டு, பக்கத்து நர்ஸிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். நர்ஸ் காதோடு சொன்னாள். அடுத்த நிமிஷம் ஹன்னா தட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"கலா இல்ல," என்றாள். நெஞ்சில் கையை வைத்தாள். "நான். தண்ணி. நான்."

பிறகு டாக்டரிடம் ஆங்கிலத்தில் நிற்காமல் பேசினாள். குழாய் இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக உப்பு மூட்டையைக் கீழே வைத்தார். கலாவிடம், "தப்பா நெனச்சிக்காதம்மா," என்றார். ஹன்னாவிடம், இனி இந்த அம்மாவின் கட்டை நீ தொட வேண்டாம் என்று சொன்னதாக முனியம்மா பிறகு விசாரித்துச் சொன்னாள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? கோபம்கூட இல்லை. இவள் ஏன் சொல்கிறாள் என்றுதான் தோன்றியது. பழி கலா மேல் அழகாக உட்கார்ந்துவிட்டது, மாமியாரே சாட்சி சொல்லிவிட்டாள், வாயை மூடிக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தால் விமானம் ஏறிப் போயிருக்கலாம். கலாவைக் காப்பாற்றி அவளைத் தங்கள் பக்கம் இழுக்கும் தந்திரமோ என்று யோசித்தேன். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவளுக்கு இதில் லாபம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

டாக்டர் ஒரு பேனாவை எடுத்து என் கணுக்காலுக்கு மேல், சிவப்பு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சுற்றிலும் ஒரு கோடு போட்டார். சீழ் விஷம் மேலே ஏற ஏறச் சிவப்பும் ஏறும். சிவப்பு இந்தக் கோட்டுக்குள் நின்றுவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். கோட்டைத் தாண்டினால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், உயிருக்கு வேறு வழியில்லை என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறேன்.

எனக்குப் பயம் வந்தது. அதுவரை என் பயமெல்லாம் மற்றவர்களைப் பற்றியதாக இருந்தது, இது வேறு. கால் போனால் மாடிப்படி ஏறுவது எப்படி, மலையைச் சுற்றுவது எப்படி, யார் கையில் என்னை விட்டுவிடுவார்கள் என்று மனசு ஓடியது. டிரிப்ஸ் ஏற்றினார்கள், வேளைக்கு ஊசி போட்டார்கள். இன்சுலின் என்றால் சர்க்கரையைக் கரைக்கிற ஊசி என்று மட்டும் தெரிந்துகொண்டேன். கரண்ட் போகும்போதெல்லாம் கலா விசிறினாள். கேழ்வரகுக் கூழை ஆற்றிக் கொண்டுவந்து வாயில் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக் குடித்தேன்.

"கலா, நான் அன்னிக்கி அப்பிடிக் கேட்டது…"

"விடுங்க அத்தை. நீங்க என்னச் சந்தேகப்படறது இன்னா புதுசா? உப்பு டப்பாவ தெனம் தூக்கிப் பாக்கறது எனக்குத் தெரியாதா?" என்றாள். சிரிக்கவும் செய்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

வேலை முடிந்த பிறகும் ஹன்னா வந்தாள். கட்டைத் தொடமாட்டாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று கோட்டைப் பார்ப்பாள். சிவப்பு ஒரு நாள் நகராமல் இருக்கும், மறுநாள் நெல் அளவு ஏறியிருக்கும். கலாவும் அவளும் ஒன்றாகக் குனிந்து பார்ப்பார்கள். "நாளைக்கு நல்லது," என்பாள். சொல்லும்போது அவளுக்கே நம்பிக்கை இருக்காது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் பார்க்கிறாளோ என்றுகூட ஒருமுறை நினைத்தேன். ஆனால் அவள் சாப்பிடாமல் இளைத்துப் போனது கண்ணுக்குத் தெரிந்தது.

அவள் புறப்பட வேண்டிய நாள் வந்துவிட்டது. இன்னும் சில நாள் இருக்கிறேன் என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தாளாம். டிக்கெட்டும் விசாவும் விடவில்லை. அன்று காலை சிவப்பு அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் பொறுப்போம் என்றார். கட்டுப் போட வேறு நர்ஸ் பேசினோடு வந்தாள். ஹன்னா தோளில் பையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"அவளே கட்டட்டும்," என்றேன்.

வார்டு திரும்பிப் பார்த்தது. முனியம்மா வாய் விட்டே கேட்டாள்: "இன்னா சரோஜாக்கா, புத்தி கெட்டுப் போச்சா? ஒருக்கா வெந்தது போதாதா?"

"இந்த வார்டுல தப்பு பண்ணிட்டு, தானா வந்து நான்தான்னு சொன்னவ அவ ஒருத்திதான். மத்தவங்க கை இன்னா பண்ணுதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் நல்லவளாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சந்தேகப்படுகிறவளின் கணக்கு அது. எத்தனை நாள் யோசித்தும் எனக்குக் கிடைத்த விடை அது ஒன்றுதான். டாக்டர் சரி என்று தலையை ஆட்டினார்.

ஹன்னா பையை இறக்கினாள். கையைக் கழுவிக்கொண்டு, தொட்டித் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்தாள். கலாவின் கையைப் பிடித்து அதையும் விட்டுப் பார்க்கச் சொன்னாள். அப்புறம் என் கையையும் எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். மூன்று பேர் கையும் பேசினுக்குள் இருந்தது. தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது.

"நல்லது," என்றேன், அவள் தமிழிலேயே.

நிதானமாகக் கழுவிக் கட்டினாள். கட்டி முடித்து, கோட்டின் மேல் ஒரு விரலை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். உதடு அசைந்தது. ஜெபம்தான். நான் தலையணைக்கடியிலிருந்து திருநீற்றை எடுத்துக் கட்டின் மேல் பூசினேன். நான் அவளைத் தடுக்கவில்லை, அவளும் என்னைத் தடுக்கவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். விலாசம் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, கலாவுக்கும் தோன்றவில்லை. மாடிக்காரர்கள் எழுதிக் கொடுக்கும் விலாசத்தை நம்பாத பழக்கம் வேறு.

அதற்கு மறுநாள் சிவப்பு அந்தக் கோட்டைவிட்டு ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. டாக்டர் பேனாவால் தட்டிக் காட்டினார். கறுத்த இரண்டு விரலையும் எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் ஒட்டினார்கள். மழைக்காலம் பிடித்த பிறகு என் வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போனார். வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்காரி ஆரத்தி எடுத்தாள். அதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது கிரிவலம் போகும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தை வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். "செருப்பு போட்டுக்கினு சுத்தறியே, அடுக்குமா?" என்று கேட்கிறார்கள். வேதக்கார ஆஸ்பத்திரிக்குப் போய் மாறிவிட்டாள் என்று பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும். சந்தேகப்படுகிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. பக்கத்தில் நடப்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன்: "உனக்குக் கல்லு குத்துதா?" குத்துகிறது என்றால் சாமி கும்பிட்டுக்கொள் என்கிறேன். குத்தவே இல்லை என்று பெருமையாகச் சொன்னால், போய் ரத்தம் சோதித்துப் பார் என்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது; அடுத்த தடவை காலைக் காட்டப் போனபோது ஹன்னாவைப் பற்றி விசாரித்தேன். பெரிய டாக்டர் மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "எந்த ஹன்னாம்மா? வருஷா வருஷம் எத்தினியோ பேர் வந்து போறாங்க," என்றார். கலா கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்கிக் கேட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

மாடிக்குப் புதிதாக யார் வந்தாலும், சாவி கொடுப்பதற்கு முன் உச்சி வேளையில் குழாயைத் திறந்து அவர்கள் கையைப் பிடித்து அடியில் காட்டுகிறேன். அலறிக்கொண்டு கையை இழுத்துக்கொள்கிறார்கள். பிறகு கேட்கிறேன்: பனி பெய்கிற ஊர், ஹன்னா என்று ஒரு நர்ஸ், தெரியுமா? அவர்கள் சிரிக்கிறார்கள். மெட்ராஸில் குமார் என்று ஒருவரைத் தெரியுமா என்று என்னிடம் அவர்கள் கேட்டால் நானும் அப்படித்தான் சிரிப்பேன்.

அவள் கடைசியாகப் பார்த்தபோது சிவப்பு அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் மனசில் அது இன்னும் அங்கேயே நிற்கும். எங்கேயோ ஒரு ஊரில் குழாயைத் திறக்கும்போதெல்லாம், அந்த அம்மாவின் காலை எடுத்தார்களா இல்லையா என்று நினைத்துக்கொள்வாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான். அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்பது எனக்குத் தெரியும். அவளைத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால், மேலே உள்ளதையெல்லாம் விட்டுவிடுங்கள். கலா அவளுக்குக் கற்றுக்கொடுத்த தமிழிலேயே சொல்லிவிடலாம்.

ஹன்னா, கால் நல்லது.